கருடன் வந்த கதை: கெடாவின் முன்கதையும் மூன்று கேள்விகளும்



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காலை வேளை. எங்கள் தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டு வகுப்பினுள் நான் நுழையும்போதே ஒரே இரைச்சல். கைகலப்பன்று, வாய்ச்சண்டைதான். முதல்நாள் இரவு தொலைக்காட்சியில் ஒரு மலாய்ப் படத்தைப் பார்த்துவிட்டு, அதைப் பற்றி வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். "ஹிக்காயாட் மெரோங் மகாவங்சா" என்பது அப்படத்தின் பெயர். யூஸ்ரி அப்துல் ஹலிம் இயக்கத்தில், 2011ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் வெளிவந்த படம் அது.

ஒரு மாணவன் எழுந்தான். "ஐயா, கருடன் என்றால் பறவைதானே? படத்தில் கடற்கொள்ளைக்காரர்களுக்குக் கருடன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கதையைக் கெடுத்துவிட்டார்கள்" என்றான்.

மற்றொருவன் விடவில்லை. "கதையே கட்டுக்கதை, ஐயா. பறவை எங்கேயாவது கப்பலைக் கவிழ்க்குமா? படத்தில்தான் நம்பும்படி இருக்கிறது."

மூன்றாவதாக ஒரு மாணவி. அவள் அதிகம் பேசாதவள். "ஐயா, அது கெடாவின் கதை என்கிறார்கள். நாமும் கெடாவில்தானே இருக்கிறோம்? அந்தக் கதையில் நாம் எங்கே?" என்று கேட்டாள்.

முதல் இரு கேள்விகளுக்கும் அன்றே ஏதோ விடை சொன்னேன். மூன்றாவது கேள்விக்கு உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை. இந்த மூன்று கேள்விகளையும் வரிசையாக எடுத்துக்கொண்டு, ஒரு பழங்கதையும் ஒரு திரைப்படமும் வரலாறும் எங்கே சேர்கின்றன, எங்கே பிரிகின்றன என்பதை இன்றைய உரையில் காண்போம்.

முதலில் ஏட்டில் உள்ள கதை. ரூம் நாட்டு இளவரசனுக்கும் சீன நாட்டு இளவரசிக்கும் திருமணம் நிச்சயமாகிறது. இதைக் கேள்வியுற்ற கருடப் பறவை, நபி சுலைமானிடம் சென்று, "இத்தனை தொலைவில் உள்ள இருவர் எப்படி இணைவர்? இத்திருமணத்தை நான் தடுத்துக் காட்டுகிறேன்" என்று சூளுரைக்கிறது. இளவரசியைத் தூக்கிச் சென்று லங்காபுரித் தீவில் ஒளித்து வைக்கிறது. இளவரசனுக்குத் துணையாகக் கடலில் வருபவர் மெரோங் மகாவங்சா. கருடன் கப்பல்களைத் தாக்குகிறது. மெரோங் மகாவங்சா வல்லமை மிக்க அம்புகளால் எதிர்த்து நிற்கிறார். கப்பல்கள் மூழ்குகின்றன. ஆனால் விதியை யார் வெல்ல முடியும்? அலையில் அடித்துச் செல்லப்பட்ட இளவரசன் அதே லங்காபுரியில் கரை ஒதுங்குகிறான். இருவரும் இணைகின்றனர். தோற்ற கருடன் மனிதர் வாழும் நிலத்தை விட்டே அகன்றுவிடுகிறது. கரையேறிய மெரோங் மகாவங்சா லங்காசுகம் என்னும் நாட்டை நிறுவுகிறார். அதுவே பின்னர்க் கெடா ஆயிற்று என்பது ஏட்டின் கூற்று.

அந்த லங்காபுரித் தீவு, இராமனும் அனுமனும் போர் செய்து சென்ற காலந்தொட்டு ஆளின்றிக் கிடந்ததாகவும் அந்த ஏடு கூறுகிறது. இராமாயணம் கேட்டு வளர்ந்த நமக்கு இது அந்நியமான கதையன்று. நபி சுலைமானும் இராமனும் கருடனும் ஒரே ஏட்டில் குடியிருப்பதே மலாய் இலக்கியத்தின் அழகு.

இந்த ஏட்டின் பிற்பகுதியில்தான் கோரைப்பல் அரசன் வருகிறான். மலாயில் ராஜா பெர்சியோங் என்பர். கீரை அரியும்போது சமையற்காரியின் விரல் அறுபட்டு, இரத்தம் கீரைக் குழம்பில் விழுகிறது. அரசனுக்கு அந்தச் சுவை பிடித்துப்போகிறது. நாளடைவில் மனித இரத்தம் கேட்கிறான், கோரைப்பல் முளைக்கிறது, மக்கள் திரண்டு அவனை விரட்டுகின்றனர். அவன் தன் பல்லைப் பிடுங்கி வீசியெறிந்த இடம்தான் பாலிங் என்பது வாய்மொழி வழக்கு. மலாயில் 'பாலிங்' என்றால் வீசியெறிதல். என் பாட்டி பால்மரம் வெட்டியவர். பக்கத்துக் கம்பத்து மலாய் மூதாட்டி ஒருவரிடம் இக்கதையைக் கேட்டு வந்து எங்களுக்குச் சொல்வார். கீரை ஆயும் நாளெல்லாம் எங்கள் வீட்டில் அந்த அரசன் வந்துபோவான்.

இந்தக் கோரைப்பல் அரசன் 1968ஆம் ஆண்டு வெள்ளித்திரைக்கு வந்தான். ஜமில் சூலோங் இயக்கிய அப்படத்திற்குக் கதை தந்தவர் வேறு யாருமல்லர். அப்போது நாட்டின் பிரதமராக இருந்த துங்கு அப்துல் ரகுமான். கெடா அரச குடும்பத்தில் பிறந்து, கெடாவில் மாவட்ட அதிகாரியாகப் பணியாற்றியவர் அவர். தம் மண்ணின் கதைகளில் தீராத பற்றுடையவர்.

இப்போது வரிசையைக் கவனியுங்கள். திரையில் கோரைப்பல் அரசன் முதலில் வந்தான், 1968இல். அவனுடைய மூதாதையாகிய மெரோங் மகாவங்சா 43 ஆண்டுகள் கழித்து, 2011இல் வந்தார். இரண்டும் வெவ்வேறு நிறுவனத்தார் எடுத்த படங்கள். ஒன்றைத் தொடர்ந்து மற்றொன்று என்று எவரும் திட்டமிடவில்லை. ஆயினும் கதை வரிசைப்படி பார்த்தால், பின்னால் வந்த படம் முன்னால் வந்த படத்தின் முன்கதை. முன்கதை சொல்பவருக்கு எப்போதும் ஒரு தொல்லை உண்டு. கேட்பவர் மனத்தில் கதை ஏற்கெனவே குடியேறியிருக்கும். புதிதாக எதைச் சொன்னாலும், "எங்கள் கதை அப்படியில்லையே" என்பார்கள்.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதன்று. அமெரிக்காவில் 1939ஆம் ஆண்டு 'ஓஸ் நாட்டு மந்திரவாதி' என்னும் படம் வந்தது. பிராங்க் பாம் 1900ஆம் ஆண்டில் எழுதிய சிறுவர் நூலே அதற்கு மூலம். தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் பார்த்த படம். அந்த மந்திரவாதி ஓஸ் நாட்டுக்கு எப்படி வந்தான் என்னும் முன்கதையை வேறொரு நிறுவனம் 2013ஆம் ஆண்டு படமாக்கியது. புதிய தொழில்நுட்பத்தின் அழகை ஒரு சாரார் புகழ்ந்தனர். பழைய படத்தின் எளிமையும் மனத்தைத் தொடும் பாட்டும் இதில் இல்லையென்று மற்றொரு சாரார் குறைப்பட்டனர். பழைய படத்தில் புகழ்பெற்ற சிவப்புக்கல் காலணியைப் புதிய படத்தார் காட்டக்கூட முடியவில்லை; அதன் உரிமை வேறொருவர் கையில் இருந்தது. வேடிக்கை என்னவென்றால், மூல நூலில் அது வெள்ளிக் காலணி! 1939இல் மாற்றியதையே மக்கள் மூலம் என்று நம்பத் தொடங்கிவிட்டனர். இந்த வெள்ளிக் காலணியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் அதற்கு வருவோம்.

இனி முதல் மாணவன் வாதம். 2011ஆம் ஆண்டுப் படம் கதையை மாற்றியது உண்மையே. பறவையாகிய கருடன், மந்திரம் கற்ற கொள்ளையர் கூட்டமாகிவிட்டது. ரூம் நாட்டு இளவரசன் உரோமப் பேரரசின் இளவரசனாகிவிட்டான். சீன இளவரசி ஹான் அரச மரபினள். மெரோங் மகாவங்சா மாவீரன் அலெக்சாந்தரின் வழித்தோன்றல். உரையாடலில் மலாயும் ஆங்கிலமும் கலந்து வந்தன. "நம் ஏட்டைச் சொல்ல உரோமானியன் எதற்கு? வெளிநாட்டுச் சந்தைக்காகச் சொந்தக் கதையை மாற்றுவதா?" என்பது இவ்வாதத்தின் சாரம். மேலும், மலாய் ஏடுகளில் ரூம் என்பது பெரும்பாலும் கான்ஸ்டாண்டிநோபிள் நகரத்து அரசைக் குறிக்கும். 1453இல் துருக்கியர் அந்நகரைக் கைப்பற்றிய பின், துருக்கிச் சுல்தானே மலாய் மக்கள் பார்வையில் ரூம் அரசர். ஆகவே, அந்த ஏட்டைக் கேட்டு மகிழ்ந்த முன்னோர் மனத்தில் இருந்தவன் ஜூலியஸ் சீசரின் வாரிசு அல்லன்.

இரண்டாம் மாணவன் வாதத்திலும் பொருள் உண்டு. பறவை கப்பலைக் கவிழ்ப்பதைவிடக் கொள்ளையர் கவிழ்ப்பது நடக்கக்கூடியது. மலாக்கா நீரிணையில் கடற்கொள்ளை பழைய தொழில். உரோமும் சீனாவும் கடல் வழியே தொடர்பு கொண்டதற்கும் குறிப்பு உண்டு, கி.பி. 166ஆம் ஆண்டில் உரோம அரசர் பெயரைச் சொல்லிக்கொண்டு சிலர் தென்கடல் வழியாகச் சீன அரசவைக்கு வந்ததாகச் சீன வரலாற்றேடு கூறுகிறது. ஆனால் உரோம இளவரசன் எவனும் ஹான் இளவரசியை மணக்கக் கப்பலேறியதாக எந்தச் சான்றும் இல்லை. எனவே, பறவையை நீக்கியதால் மட்டும் கதை வரலாறாகிவிடாது. நம்பும்படி இருப்பது வேறு, நடந்தது வேறு. மாணவர்கள் பல நேரங்களில் தடுமாறும் இடம் இதுவே. இறக்கை முளைத்த பொய்யை எளிதில் அடையாளம் காண்கிறோம். சட்டை போட்ட பொய் நம் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்.

அப்படியானால் அந்த ஏடாவது வரலாறா? இங்கேதான் நாம் சற்று நின்று பார்க்க வேண்டும்.

மெரோங் மகாவங்சா ஏடு மிகப் பழைய காலத்து நூல் என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் இப்போது நமக்குக் கிடைக்கும் வடிவில் அது 18ஆம் நூற்றாண்டின் இறுதி அல்லது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது என்பதே அறிஞர் பலரின் கருத்து. 1849ஆம் ஆண்டில் ஜேம்ஸ் லோ என்னும் ஆங்கிலேய அதிகாரி அதை ஆங்கிலத்தில் வெளியிட்டார். அக்காலத்தில் கெடா பெரும் நெருக்கடியில் இருந்தது. மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை 'பூங்கா மாஸ்' எனப்படும் பொன்மலர் மரத்தைச் சயாம் அரசருக்கு அனுப்பி வந்தது. 1821இல் சயாம் படைகள் கெடாவைத் தாக்கின. சுல்தான் பினாங்குக்குத் தப்பிச் சென்று, நாடு திரும்ப இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

பொன்மலர் அனுப்புவது அடிமைத்தனத்தின் அடையாளமா, நட்பின் அடையாளமா என்பது அக்காலத்தில் வாழ்வா சாவா என்ற கேள்வி. அந்தக் கேள்விக்கு ஏடு என்ன விடை தருகிறது தெரியுமா? சயாம் அரசரும் கெடா அரசரும் மெரோங் மகாவங்சாவின் ஒரே மரபில் வந்தவர்கள். மூத்தவர் வீட்டில் பிள்ளை பிறந்தபோது இளையவர் வீட்டார் அன்பின் அடையாளமாகப் பொன்மலர் அனுப்பினர் என்கிறது. அதாவது, கப்பம் என்று பிறர் சொன்னதைச் சீர்வரிசை என்று ஏடு சொல்கிறது. உறவில் சீர் செய்பவன் அடிமையாவானா? எவ்வளவு நுட்பமான வாதம் பாருங்கள்!

ஆகவே நேயர்களே, அந்த ஏடும் ஒரு முன்கதைதான். தன் காலத்துத் துன்பத்திற்கு விடை தேடி, பழங்காலத்தைச் சொன்ன முன்கதை. 2011ஆம் ஆண்டுப் படமும் அவ்வாறே. உலகத் திரையில் நமக்கும் ஓரிடம் வேண்டும் என்னும் தன் காலத்து ஆசைக்கு ஏற்ப அது பழங்காலத்தைச் சொன்னது. ஆகவே, ஏடு பொய், படம் பொய் என்று தள்ளிவிடுவது வரலாற்று மாணவனுக்கு அழகன்று. இதை யார் சொன்னார், எப்போது சொன்னார், எதற்காகச் சொன்னார் என்று கேட்பதே அழகு. அப்படிக் கேட்டால் பொய்யிலிருந்தும் ஒரு மெய் கிடைக்கும். பறந்துவந்த கருடன் மெரோங்கின் காலத்தைப் பற்றி நமக்கு எதுவும் சொல்லாமற் போகலாம்; பொன்மலர் மரமோ 1821ஆம் ஆண்டை ஒட்டிய கெடா மக்களின் மனத்தை நமக்குத் திறந்து காட்டுகிறது.

இனி மூன்றாவது கேள்வி: "நாம் எங்கே?"

படத்தில் உரோமக் கப்பல்கள் இந்தியாவின் கோவாத் துறையில் ஒதுங்குகின்றன. அங்கேதான் மெரோங் மகாவங்சா அவர்களோடு சேர்கிறார். "கோவாவில் நின்ற கப்பல் முசிறியிலும் அரிக்கமேட்டிலும் நின்றிருக்கலாகாதா? கெடாவைக் கடாரம் என்று அழைத்தவர்கள் தமிழர்கள் அல்லவா? இராசேந்திர சோழன் எங்கே?" என்று நம்மவர் சிலர் கேட்பதுண்டு. நானும் ஒரு காலத்தில் அப்படிக் கேட்டவன்தான். நம் பங்குக்கு நாமும் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை என்பது வேறு. 2019இல் 'கடாரம் கொண்டான்' என்ற பெயரிலேயே தமிழ்ப்படம் ஒன்று வந்தது. அது இக்காலக் கோலாலம்பூரில் நடக்கும் அடிதடிக் கதை. பெயரில் மட்டுமே கடாரம்!

என் தவறு ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை விட்டு வந்த புதிதில், பூஜாங் பள்ளத்தாக்கில் உள்ள கோயில் அடித்தளங்களையெல்லாம் இராசேந்திர சோழன் கட்டினான் என்று வகுப்பில் முழங்கினேன். பிள்ளைகள் கண்களில் பெருமை மின்னியது. பின்னர் அவர்களை மெர்போக் அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் சென்றேன். அங்கே ஒரு மாணவன் விளக்கப் பலகை ஒன்றை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "ஐயா, இதில் 5ஆம் நூற்றாண்டு என்று போட்டிருக்கிறது. சோழன் வந்தது 11ஆம் நூற்றாண்டு என்றீர்களே?" என்றான். எனக்கு முகம் வெளுத்துவிட்டது. நானும் ஒரு வெள்ளிக் காலணியைச் சிவப்பாக மாற்றிக் கொடுத்திருக்கிறேன் என்பது அன்றுதான் உறைத்தது.

சான்றுகள் சொல்வது என்ன? தமிழர் தொடர்பு மிகப் பழையது. பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்திறங்கிய பொருள்களில் காழகத்துப் பொருளையும் குறிப்பிடுகிறது. காழகம் என்பது கடாரமே என்று உரையாசிரியர் எழுதினார். 1834இல் ஜேம்ஸ் லோ செபராங் பிறையில் கண்டெடுத்த கல்வெட்டு, புத்தகுப்தன் என்னும் மாலுமித் தலைவனுடையது. 5ஆம் நூற்றாண்டை ஒட்டியது. 7ஆம் நூற்றாண்டில் சீனத் துறவி இ-சிங் இந்தியா செல்லும் வழியில் கெடாவில் தங்கினார். இராசராச சோழன் காலத்தில், ஸ்ரீவிசயத்தையும் கடாரத்தையும் ஆண்ட அரசர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுப்பினார். ஆனைமங்கலம் என்னும் ஊர் அதற்குக் கொடையாகத் தரப்பட்டது. செப்பேடு இதைச் சொல்கிறது. அதன் பின்னரே, 1025ஆம் ஆண்டில், இராசேந்திரனின் கப்பற்படை வந்தது. அவன் வென்றதாக மெய்க்கீர்த்தி அடுக்கும் ஊர்களில் கடாரமும் உண்டு, இலங்காசோகமும் உண்டு.

ஆனால் படையெடுப்பு வேறு, குடியாட்சி வேறு. இராசேந்திரன் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே இங்கே துறைமுகம் இருந்தது, வழிபாட்டிடம் இருந்தது. 2009 முதல் சுங்கை பத்துவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் நடத்திய அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைக்களங்களும் படகுத்துறையின் எச்சங்களும் வெளிப்பட்டன. அவற்றின் காலம் பற்றி அறிஞரிடையே இன்னும் வாதம் உண்டு. எனினும், இம்மண்ணின் மக்கள் கைத்திறன் உடையவர்கள், கடல் கடந்து வந்தவரோடு சரிநிகராக வாணிகம் செய்தவர்கள் என்பது தெளிவு. வந்தவர் கற்றுக் கொடுத்தனர், இருந்தவர் கைகட்டிக் கேட்டனர் என்பதும் ஒருவகைக் கட்டுக்கதையே. நாகப்பட்டினத்தில் அவர்கள் விகாரம் கட்டினர். பூஜாங்கில் இந்திய வடிவில் கோயில்கள் எழுந்தன. போக்கும் வரவும் இருந்தன. அதுவே பெருமை, அதற்குமேல் பூச்சுத் தேவையில்லை.

"இதெல்லாம் பழங்கதைதானே, தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன?" என்று நேயர்களில் சிலர் கேட்கலாம். 2013ஆம் ஆண்டின் இறுதியில் நடந்ததைக் கேளுங்கள். பூஜாங் பள்ளத்தாக்கில் 11ஆம் எண் என்று குறிக்கப்பட்ட கோயில் அடித்தளம், ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்டது எனக் கருதப்பட்டது, நிலத்தைச் சமன்படுத்தும்போது இயந்திரத்தால் இடிபட்டது. தனியார் நிலம், வீடமைப்புக்காகத் திருத்தப்பட்ட நிலம். செய்தி வெளிவந்தபோது நாடெங்கும் வருத்தம் தெரிவித்தனர்; மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்ற வேறுபாடின்றித் தெரிவித்தனர். ஆனால் இடிந்தது இடிந்ததுதான். கருடன் பறவையா கொள்ளையனா என்று நாம் வாதிட்டுக்கொண்டிருக்கும்போது, கல்லாய் நின்ற சான்று ஒன்று மண்ணாய்ப் போயிற்று. படத்தை வேண்டுமானால் மீண்டும் எடுக்கலாம். ஏட்டையும் மறுபதிப்புச் செய்யலாம். அந்தச் செங்கல்லை யார் மீண்டும் சுடுவார்?

இனி அந்த மாணவிக்கு என் விடை. பல நாள் யோசித்தபின் அவளிடம் நான் சொன்னது இது.

"அம்மா, உன் முப்பாட்டனார் இராசேந்திரனின் போர்க்கப்பலில் வந்தவரல்லர். என் பாட்டனாரும் அப்படியே. அவர் நாகப்பட்டினத்தில் ரஜூலாக் கப்பலேறி, பினாங்கில் இறங்கி, கங்காணியின் பின்னால் நடந்து இந்தத் தோட்டத்திற்கு வந்தவர். சூடாமணி விகாரம் நின்ற அதே நாகப்பட்டினம். பழைய கடாரத்தின் அதே மண். இடையில் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு. அரசர்கள் வந்த வழியில்தான் நம்மவர்களும் வந்தார்கள், வாளுக்குப் பதிலாகப் பால்கத்தி பிடிக்க. அந்தக் கதை ஏட்டில் இல்லை, படத்திலும் இல்லை. நம் வீட்டுப் பெரியவர்கள் நினைவில் இருக்கிறது. அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்."

அவள் எழுதினாள். தன் பாட்டி சொன்னபடி, தோட்டத்து லயத்தில் எத்தனை வீடுகள், பிரட்டு எத்தனை மணிக்கு, எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுத்தார்கள் என்றெல்லாம் இரண்டு தாளில் எழுதிக் கொண்டுவந்தாள். அந்த லயம் இப்போது இல்லை; அந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. அந்த இரண்டு தாள் மட்டும் என் மேசையில் இருக்கிறது.

நேயர்களே, 2014 முதல் நம் தொடக்கப் பள்ளிகளில் நான்காம் ஆண்டிலிருந்தே வரலாறு தனிப்பாடமாகியிருக்கிறது. பாட நூலை ஆசிரியர் பார்த்துக்கொள்வார். பெற்றோர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த விடுமுறையில் பிள்ளைகளை மெர்போக்கிற்கு அழைத்துச் செல்லுங்கள். சுங்கை பட்டாணியிலிருந்து பீடோங், செமிலிங் வழியாகச் சென்றால் தொலைவில்லை. ஜெராய் மலையடிவாரத்தில் புக்கிட் பத்து பகாட் கோயில் அடித்தளத்தின் முன் அவர்களை நிறுத்துங்கள். 1936, 1937ஆம் ஆண்டுகளில் அகழ்ந்தெடுத்து, 1960ஆம் ஆண்டை ஒட்டி மீண்டும் அடுக்கிய கற்கள் அவை. மெரோங் மகாவங்சா கதையையும் சொல்லுங்கள், கருடனைப் பறவையாகவே சொல்லுங்கள். கதை கதையாக இருக்கட்டும். பிறகு விளக்கப் பலகையைப் பிள்ளைகளையே படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னதில் தவறு இருந்தால், அவர்கள் திருத்தட்டும். என்னைத் திருத்திய மாணவனுக்கு நான் இன்றும் நன்றியுடையேன்.